நடக்காததையும் எண்ணுங்கள்: லாஜிஸ்டிக் ரெக்ரஷன் அடிப்படைகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, இங்க மைனஸ் 0.23-ன்னு ஒரு எண் வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டான். லாஜிஸ்டிக் ரெக்ரஷனின் குணகம். "அது நெகட்டிவ், அதனால இது கூடினா அது குறையும்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். எவ்வளவு குறையும் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். பல வருஷமாக லைப்ரரியில் ஒரே வரியில் கூப்பிட்டு வேலை வாங்கிய விஷயம், உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் சில வார இறுதிகளில் படித்து எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. பள்ளிக்கூடக் கணக்கு போதும், கால்குலஸ் வேண்டாம். உதாரணத்துக்கு ஒரு உண்மையான தரவை எடுத்துக்கொள்கிறேன். மொத்தம் 23 வரிதான். புள்ளியியல் பாடநூல்களில் அடிக்கடி வருவது. அதற்குப் பின்னால் ஏழு உயிர்கள் இருக்கின்றன.

சேலஞ்சர்

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் புளோரிடாவில் இருந்து கிளம்பிய சேலஞ்சர் விண்வெளி ஓடம் 73-வது வினாடியில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். ஓடத்தின் இரு பக்கமும் இருக்கும் திட எரிபொருள் பூஸ்டர்கள் துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து பொருத்தப்படுபவை. துண்டுகள் சேரும் மூட்டில் சூடான வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையம் உண்டு. ஓ-ரிங் என்பார்கள். நம் வீட்டுக் குக்கரில் கேஸ்கட் செய்யும் அதே வேலை. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், இடைவெளியை வேகமாக அடைக்காது. அன்று காலை கடும் குளிர்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு, பூஸ்டர் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்துக்கும் நாசாவுக்கும் இடையே தொலைபேசியில் நீண்ட விவாதம் நடந்தது. ரோஜர் பொய்ஷோலி உள்ளிட்ட பொறியாளர்கள் 53 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். அதுவரை பறந்ததில் மிகக் குளிரான பயணம் அந்த 53 (சுமார் 12 டிகிரி செல்சியஸ்). அதில் ஓ-ரிங் பாதிப்பும் இருந்தது. ஆனால் 75 டிகிரியில் கிளம்பிய பயணத்திலும் பாதிப்பு இருந்ததே! குளிரிலும் நடந்திருக்கிறது, வெயிலிலும் நடந்திருக்கிறது, அப்படின்னா வெப்பநிலைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் தயோக்கால் நிர்வாகம் பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றி, ஏவலாம் என்று சொல்லிவிட்டது.

அதற்கு முன்பு 24 பயணங்கள் நடந்திருந்தன. ஒன்றின் பூஸ்டர்கள் கடலில் தொலைந்துவிட்டதால் 23-க்குத்தான் தகவல் உண்டு. கிளம்பும்போது இருந்த வெப்பநிலை, பாரன்ஹீட்டில்:

மூட்டுகளில் ஓ-ரிங் பாதிப்பு இருந்த 7 பயணங்கள்: 53, 57, 58, 63, 70, 70, 75

பாதிப்பு இல்லாத 16 பயணங்கள்: 66, 67, 67, 67, 68, 69, 70, 70, 72, 73, 75, 76, 76, 78, 79, 81

முதல் வரியை மட்டும் பாருங்கள். நாலு குளிரில், மூணு வெதுவெதுப்பில். ஒன்றும் பிடிபடாது. இப்போது இரண்டாவது வரியையும் சேர்த்துப் பாருங்கள். 65 டிகிரிக்குக் கீழே கிளம்பிய நாலு பயணங்களில் நாலிலும் பாதிப்பு. 65-க்கு மேலே 19 பயணங்களில் மூன்றில் மட்டும். விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சுட்டிக்காட்டியதும் இதைத்தான். முந்தைய இரவு பேசியவர்கள் பாதிப்பு நடந்த பயணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள், எல்லாப் பயணங்களையும் வைத்துப் பார்க்கவில்லை.

சரி, நமக்கு வேண்டிய கேள்வி இதுதான்: இன்ன வெப்பநிலையில் பாதிப்பு வர எவ்வளவு வாய்ப்பு?

நேர்கோடு ஏன் உதவாது

விடை "ஆம்" அல்லது "இல்லை". ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று வைத்து, வழக்கமான நேர்கோட்டு ரெக்ரஷனைப் போட்டுப் பார்த்தேன். கிடைத்த கோடு:

வாய்ப்பு = 2.905 − 0.0374 × வெப்பநிலை

70 டிகிரிக்கு 0.29 என்கிறது. பரவாயில்லை. 81 டிகிரிக்கு மைனஸ் 0.12 என்கிறது. மைனஸ் வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. 31 டிகிரிக்கு 1.75, அதாவது 175 சதவீதம். அதுவும் கிடையாது.

வாய்ப்பு என்பது 0-க்கும் 1-க்கும் நடுவே அடைபட்டது. நேர்கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் ஓடுவது. இரண்டையும் நேரடியாகச் சேர்த்துக் கட்ட முடியாது. நடுவில் ஒரு மாற்று வேண்டும்.

ஆட்ஸ், பிறகு லாக்

முதல் படி ஆட்ஸ். "ஆனது" எத்தனை, "ஆகாதது" எத்தனை என்ற விகிதம். நம் தரவில் பாதிப்பு 7, பாதிப்பில்லாதது 16. வாய்ப்பு என்று கேட்டால் 23-ல் 7, அதாவது 0.30. ஆட்ஸ் என்று கேட்டால் 16-க்கு 7, அதாவது 0.44. தகவல் ஒன்றுதான், சொல்லும் விதம் வேறு.

வாய்ப்பு 0.5 என்றால் ஆட்ஸ் 1. வாய்ப்பு 0.8 என்றால் ஆட்ஸ் 4. வாய்ப்பு 0.2 என்றால் ஆட்ஸ் 0.25. வாய்ப்பு 1-ஐ நெருங்க நெருங்க ஆட்ஸ் எல்லையில்லாமல் ஏறும். ஆக, மேல் பக்கச் சுவர் போய்விட்டது. கீழே 0 என்ற சுவர் இன்னும் நிற்கிறது.

இரண்டாவது படி, அந்த ஆட்ஸுக்கு இயல் மடக்கை, அதாவது லாக் எடுப்பது. ஆட்ஸ் 4-க்கு லாக் 1.386. ஆட்ஸ் 1-க்கு 0. ஆட்ஸ் 0.25-க்கு மைனஸ் 1.386. கவனித்தீர்களா? 0.8-ம் 0.2-ம் பூஜ்யத்தின் இரு பக்கமும் சம தூரத்தில் வந்து நிற்கின்றன. இப்போது கீழ்ச் சுவரும் இல்லை. இந்த ஆட்ஸின் லாக்குக்கு லாஜிட் என்று பெயர். 1944-ல் ஜோசப் பெர்க்சன் வைத்தது.

லாஜிஸ்டிக் ரெக்ரஷன் சொல்வது இவ்வளவுதான்: நேர்கோட்டை வாய்ப்புக்குப் போடாதே, லாஜிட்டுக்குப் போடு.

லாஜிட் = ஒரு மாறிலி + குணகம் × வெப்பநிலை

லாஜிட்டில் இருந்து வாய்ப்புக்குத் திரும்பி வர, முதலில் 2.718-ஐ லாஜிட்டின் அடுக்குக்கு உயர்த்தினால் ஆட்ஸ் கிடைக்கும். ஆட்ஸை (1 + ஆட்ஸ்) ஆல் வகுத்தால் வாய்ப்பு. படம் போட்டுப் பார்த்தால் நேர்கோடு வளைந்து, இழுத்துவிட்ட ஆங்கில எஸ் மாதிரி ஆகிவிடும். ஒரு முனை 1-ஐ ஒட்டியும் இன்னொரு முனை 0-ஐ ஒட்டியும் போகும், தொடாது. மக்கள்தொகை வளர்ச்சியை விளக்க 19-ம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் பயன்படுத்தி, லாஜிஸ்டிக் என்று பெயர் வைத்த வளைவு இதே குடும்பம்தான். ஆம்/இல்லை தரவுக்கான ரெக்ரஷனாக இதை விரிவாக எழுதியவர் டேவிட் காக்ஸ், 1958-ல். அதாவது 1986-ல் இது புதுக் கருவி இல்லை.

கோட்டை எப்படிப் பொருத்துவது

நேர்கோட்டு ரெக்ரஷனில் பிழைகளின் வர்க்கக் கூட்டலைக் குறைப்போம். இங்கே வேறு வழி. எந்த மாறிலி, எந்தக் குணகம் இருந்தால், நாம் உண்மையில் பார்த்த இந்த 23 முடிவுகள் வருவதற்கு அதிகபட்ச வாய்ப்பு இருக்கும் என்று தேடுவது. அதிகபட்ச நிகழ்தகவு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு இப்படி. ஒவ்வொரு பயணத்துக்கும் மாடல் ஒரு வாய்ப்பு சொல்லும். பாதிப்பு வந்த பயணம் என்றால் அந்த வாய்ப்பை அப்படியே எடு. வராத பயணம் என்றால் 1-ல் இருந்து அதைக் கழித்து எடு. 23 எண்களையும் பெருக்கு. பெருக்குத்தொகை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு நல்ல பொருத்தம்.

வெப்பநிலையைக் கண்டுகொள்ளாமல் எல்லாப் பயணத்துக்கும் 0.30 என்றே சொல்லும் சோம்பேறி மாடலுக்கு அந்தப் பெருக்குத்தொகை ஒரு கோடியில் சுமார் 7. வெப்பநிலையைச் சேர்த்த சிறந்த மாடலுக்கு ஒரு கோடியில் சுமார் 388. இரண்டுமே சின்ன எண்தானே என்று தோன்றும். 23 விஷயங்கள் அப்படியே நடக்க வேண்டும் என்றால் சின்னதாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது விகிதத்தை. வெப்பநிலை தெரிந்த மாடல், தெரியாததைவிட இந்தத் தரவை சுமார் 53 மடங்கு நன்றாக விளக்குகிறது. உண்மையில் வெப்பநிலைக்குச் சம்பந்தமே இல்லாமல், தற்செயலாக இப்படியொரு முன்னேற்றம் வர 200-ல் 1 அளவுதான் வாய்ப்பு.

இதில் முக்கியமான விஷயம், பெருக்கலில் 23 பயணங்களும் இருக்கின்றன. பாதிப்பு இல்லாத 16-ம் வேலை செய்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் மாடல் எல்லா வெப்பநிலைக்கும் "வாய்ப்பு 1" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கற்றுக்கொள்ள அதற்கு ஒன்றுமே இருக்காது.

மைனஸ் 0.23-க்கு அர்த்தம்

கணினி தந்த விடை:

லாஜிட் = 15.04 − 0.232 × வெப்பநிலை

(பையன் காட்டியதும் இதே தரவில் பழகிக்கொண்டிருந்த பயிற்சிதான்.) வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் லாஜிட் 0.232 குறையும். லாஜிட்டில் யாரும் யோசிப்பதில்லை, அதனால் ஆட்ஸுக்கு மாற்றுவோம். 2.718-ஐ மைனஸ் 0.232 அடுக்குக்கு உயர்த்தினால் 0.79. ஆக, ஒரு டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் பாதிப்பின் ஆட்ஸ் 0.79 மடங்காகும், அதாவது 21 சதவீதம் குறையும். பத்து டிகிரி கூடினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும்.

இங்கேதான் நிறையப் பேர் (நானும்தான்) வழுக்கி விழுகிறோம். குறைவது ஆட்ஸ், வாய்ப்பு இல்லை. 65 டிகிரியில் மாடல் சொல்லும் வாய்ப்பு 0.49, 66-ல் 0.43. ஒரு டிகிரிக்கு 6 சதவீதப் புள்ளி இறங்குகிறது. 80-ல் 0.028, 81-ல் 0.023. அதே ஒரு டிகிரிக்கு அரை சதவீதப் புள்ளிதான். ஆட்ஸில் பார்த்தால் இரண்டு இடத்திலும் அதே 0.79. வளைவின் நடுவில் சரிவு அதிகம், ஓரங்களில் தட்டை. அதனால் "ஒரு டிகிரிக்கு வாய்ப்பு இவ்வளவு குறையும்" என்று ஒற்றை எண் சொல்லவே முடியாது, எந்த இடத்தில் என்று சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மாறிலியைக் குணகத்தால் வகுத்தால் (குறியை விட்டுவிட்டு) 64.8. அந்த வெப்பநிலையில் வாய்ப்பு சரிபாதி. கண்ணால் பார்த்து நாம் போட்ட 65 கோடு கணக்கிலும் அங்கேயே வந்து நிற்கிறது.

31 டிகிரிக்கு என்ன சொல்கிறது

அன்று காலைக்கு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கில் எடுத்துக்கொண்ட வெப்பநிலை 31 டிகிரி பாரன்ஹீட், தண்ணீர் உறையும் புள்ளிக்கும் கொஞ்சம் கீழே. மாடலில் போட்டால் லாஜிட் 7.84, வாய்ப்பு 0.9996.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் கை நின்றுவிட்டது. ஆனால் அப்படியே நம்பவும் கூடாது. மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, நம்மிடம் இருக்கும் மிகக் குளிரான பயணம் 53 டிகிரி. 31 என்பது அதற்கும் 22 டிகிரி கீழே. அந்த இடத்தில் வளைவு இப்படியேதான் போகும் என்பதற்குத் தரவில் சாட்சி இல்லை. நான்கு தசம இடத்துக்குச் சொல்லும் துணிச்சல் மாடலுடையது, நம்முடையது இல்லை. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். "தரவே இல்லாத இடம்" என்பது ஏவுவதற்கான காரணம் கிடையாது. ஏவாமல் இருப்பதற்கான காரணம்.

இரண்டு, 23 வரி ரொம்பக் கம்மி. குணகம் மைனஸ் 0.23 என்றாலும், அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 0.44-ல் இருந்து மைனஸ் 0.02 வரை நீள்கிறது. திசை ஓரளவு உறுதி, அளவு உறுதியில்லை.

மூன்று, இந்த 0.9996 ஏதோ ஒரு ஓ-ரிங்கில் பாதிப்பு வரும் வாய்ப்பு, ஓடம் வெடிக்கும் வாய்ப்பு இல்லை. பாதிப்பு வந்த ஏழு பயணங்களும் பத்திரமாகத் திரும்பியவைதான். தலால், ஃபௌல்க்ஸ், ஹோட்லி மூவரும் 1989-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் இதைப் படிப்படியாகப் பிரித்து மதிப்பிட்டார்கள். 31 டிகிரியில் பேரழிவுக்கான வாய்ப்பு குறைந்தது 13 சதவீதம், 60 டிகிரி வரை காத்திருந்திருந்தால் அது 2 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கும் என்பது அவர்கள் கண்டது. 0.9996-ஐவிட இந்த 13 சதவீதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. பேருந்தில் ஏறுபவரிடம் எட்டு முறை போனால் ஒரு முறை திரும்ப மாட்டீர்கள் என்று சொன்னால் ஏறுவாரா?

75 டிகிரிப் பயணம் செய்த உதவி

அந்த இரவு எல்லோரையும் குழப்பியது 75 டிகிரிப் பயணம். அதுவும், 70-ல் பாதிப்பு வந்த இரண்டும் இல்லாமல் இருந்திருந்தால்? 63-க்குக் கீழ் எல்லாம் பாதிப்பு, 66-க்கு மேல் எல்லாம் சுத்தம். விஷயம் தெளிவாகியிருக்கும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அப்போது லாஜிஸ்டிக் ரெக்ரஷன் படுத்துவிடும். தரவு முழுசாகப் பிரிந்துவிட்டால் சரிவை எவ்வளவு செங்குத்தாக்கினாலும் பொருத்தம் இன்னும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். குணகம் முடிவில்லாமல் ஓடும், மென்பொருள் எச்சரிக்கையைக் கொட்டும். உங்கள் மாடலில் குணகமும் அதன் பிழையும் ஒருநாள் ராட்சச எண்ணாக வந்தால், முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஆக, விதிக்கு அடங்காத அந்த மூன்று பயணங்கள் வெப்பநிலைக்கு எதிரான சாட்சி இல்லை. வெயிலிலும் சிறிய அபாயம் உண்டு என்று மட்டும் சொல்கின்றன. எதிரான சாட்சி என்றால் குளிரில் கிளம்பி ஒன்றும் ஆகாத பயணம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றுகூட இல்லை.

வாய்ப்பு வேறு, முடிவு வேறு

கடைசியாக ஒன்று. மென்பொருள்காரர்கள் இதை "வகைப்படுத்தும் கருவி" என்றே கற்கிறோம். 0.5-க்கு மேல் என்றால் ஆம், கீழே என்றால் இல்லை. லைப்ரரி அப்படித்தான் வைத்திருக்கிறது. ஆனால் கணக்கு முழுவதிலும் தேடிப் பாருங்கள், அந்த 0.5 எங்கேயும் வரவில்லை. மாடல் தருவது வாய்ப்பு மட்டும். எந்த வாய்ப்பில் நிறுத்துவது என்பது தவறினால் என்ன போகும் என்பதைப் பொறுத்தது. நல்ல மெயில் ஒன்று ஸ்பாமில் விழுந்தால் தேடி எடுத்துக்கொள்ளலாம். ஏவுவதைத் தள்ளிப்போட்டால் போவது ஒரு நாள். தள்ளிப்போடாததால் போனது ஏழு பேர். அங்கே கோட்டை 0.5-ல் போட முடியுமா?

இதையெல்லாம் எழுதும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் யோசித்தேன். சில வருஷம் முன்பு எங்கள் இரவு நேர பேட்ச் ஜாப் ஒன்று அவ்வப்போது விழுந்துகொண்டே இருந்தது. விழுந்த இரவுகளின் லாக்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பெரிய கோப்பு வந்த இரவிலும் விழுந்திருக்கிறது, சின்னக் கோப்பு வந்த இரவிலும் விழுந்திருக்கிறது. "கோப்பின் அளவு காரணம் இல்லை" என்று என் கையாலேயே அறிக்கை எழுதினேன். ரொம்ப நாள் கழித்து, ஒழுங்காக ஓடி முடிந்த இரவுகளையும் ஒருவர் எடுத்து வைத்தார். பெரிய கோப்பு வந்து ஒழுங்காக ஓடிய இரவு தேடினாலும் கிடைக்கவில்லை. அங்கே யாரும் சாகவில்லை, என் மானம் மட்டும்தான் போனது. ஆனால் தப்பு அதே தப்பு.

மேலே இருக்கும் 23 எண்களை ஆர் மொழியிலோ பைத்தானிலோ போட்டு நீங்களே ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. பிறகு பாதிப்பில்லாத 16-ஐயும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கணினி என்ன சொல்கிறது என்று பாருங்கள். பையனிடம் போன வாரம் இதையேதான் செய்யச் சொன்னேன். மைனஸ் 0.23-க்கு அர்த்தமும் இந்த முறை ஒழுங்காகச் சொன்னேன்.